வறண்ட தோலுக்கு எண்ணெய் மட்டும் போதாது

கை, கால்களின் தோல் வெளிறி, நகம் பட்டால் வெண்கோடு விழுந்து, மாலையானதும் சொறியத் தூண்டும் நிலையை 'எண்ணெய்ப் பசை போய்விட்டது' என்று சொல்லி, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதே தமிழ் வீடுகளின் நெடுங்கால வழக்கம். அந்த வழக்கம் தவறன்று என்றாலும், அதற்குச் சொல்லப்படும் காரணம் பாதியளவே சரியானது. 1952ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் வெளியிட்ட ஆய்வில், காய்ப்புத் தோலின் உலர்ந்த துண்டுகள் எண்ணெய்ப் பொருள்களில் கிடந்தும் விறைப்பு நீங்காமலே இருந்தன என்பதும், நீரை உறிஞ்சிய பிறகே இளகி வளைந்து கொடுத்தன என்பதும் காட்டப்பட்டன. தோலை மென்மையாக வைத்திருப்பது நீர். எண்ணெயின் வேலை அந்த நீரை வெளியேற விடாமல் காப்பது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால், எதை எப்போது பூச வேண்டும், எதைப் பூசவே கூடாது என்னும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

தோலின் ஆகக் கடைசியான வெளிப்புறப் படலம், கொம்பிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் நிறைந்தது என்பதால் கொம்புப் படலம் எனப்படுகிறது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலின் பிற பகுதிகளில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் பதினைந்து முதல் இருபது அடுக்கு வரையிலான உயிரற்ற செல்கள் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கல் வைத்துச் சாந்து பூசிய சுவராக இதை அறிவியலார் விளக்குவது வழக்கம். செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே நிரம்பியுள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்களே சாந்து. செல்களுக்கு உள்ளேயும் அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலம் முதலிய ஈரம் பற்றும் பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றில் கணிசமான பகுதி ஃபிலாக்ரின் என்னும் புரதம் சிதைவதால் உருவாவது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்து பணியாற்றியவர்களும், இந்தப் புரதத்துக்கான மரபணுவில் குறையுள்ளவர்களுக்கே மீன் செதிலைப் போன்ற பிறவி வறட்சி உண்டாகிறது என்பதையும், அவர்களுக்குக் கரப்பான் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் கண்டறிந்தனர். சிலரது தோல் எவ்வளவு கவனித்தாலும் வறண்டே இருப்பதற்கும், அந்த இயல்பு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பிள்ளைகளுக்குத் தொடர்வதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்.

கொம்புப் படலத்தின் நீரளவு பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது அது வளையும் தன்மையை இழந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் கொள்கிறது. அந்த வெடிப்புகளின் வழியாக உள்ளிருக்கும் நீர் மேலும் வேகமாக ஆவியாவதோடு, சோப்பு, வியர்வை உப்பு, தூசி ஆகியவை உள்ளே புகுந்து அங்குள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. இதனால்தான் வறட்சியும் அரிப்பும் எரிச்சலும் ஒன்றாகவே வருகின்றன. சொறிந்தால் அந்தக் கணத்துக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் சொறிவதால் படலம் மேலும் கிழிந்து, வீக்கம் கூடி, அரிப்பு முன்னிலும் வலுக்கிறது. இந்தச் சுழற்சியை அறுக்காமல் எந்தக் களிம்பும் பயன் தராது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதும், அரிப்பு எடுக்கும் இடத்தில் சொறிவதற்கு மாறாகக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைத்திருப்பதும் செலவில்லாத முதல் மருந்துகள்.

வறட்சிக்குப் பருவநிலையை மட்டும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. மார்கழி, தைப் பனிக்காலத்தில் காற்றின் ஈரம் குறையும் உள்மாவட்டங்களில் அந்தக் குற்றச்சாட்டு ஓரளவு பொருந்தும். ஆனால் ஆண்டு முழுவதும் கடற்காற்று ஈரமாகவே வீசும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வாழ்பவர்களுக்கும் தோல் வறள்கிறது என்றால், காரணத்தைக் குளியலறையிலும், நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் அறைகளிலும் தேட வேண்டியிருக்கிறது. குளிரூட்டி அறையைக் குளிர வைப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் நீராக்கி வெளியே சொட்டவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, எளிதில் கரையாத படிவாகத் தோலில் தங்குகின்றன. வாளியின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவதும் இதே பொருள்தான். வயது ஏற ஏறத் தோலின் கொழுப்புச் சுரப்பும் செராமைடும் குறைவதால், அறுபதைக் கடந்தவர்களின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதிதான் முதலில் வறண்டு அரிக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சோப்பு என்று துணிந்து சொல்லலாம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. பி.எச். என்னும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்க, எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சப்படும் உண்மையான சோப்பின் அளவு 9 முதல் 10 வரை இருக்கிறது. செராமைடை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்கும் என்பதால், ஒவ்வொரு முறை சோப்பு போட்டுக் குளிக்கும்போதும் அழுக்கோடு சாந்தும் கொஞ்சம் கரைவதுடன், அதைத் திரும்பப் பூசும் வேலையும் சிறிது நேரம் தடைப்படுகிறது. உறையில் அச்சிடப்பட்டிருக்கும் மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு 76க்குக் குறையாமல் இருந்தால் அது முதல் தரச் சோப்பு என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கமே. ஆயினும் அது சோப்பில் கலப்படமும் நிரப்பியும் குறைவு என்பதற்கான சான்றேயன்றி, தோலுக்கு இதமானது என்பதற்கான சான்றன்று. எண் 80 ஆனாலும் அது காரமே. சோப்பு என்ற பெயரில் இல்லாமல், செயற்கைக் கழுவுபொருள்களைக் கொண்டு பி.எச். அளவு 5.5 முதல் 7 வரை இருக்கும்படி செய்யப்படும் கட்டிகளும் திரவங்களும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. வறண்ட தோலுக்கு ஏற்றவை அவையே. அவற்றின் விலை கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு: அக்குள், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டு, கைகால்களுக்கும் முதுகுக்கும் வெறும் நீரே போதும் என்று விட்டுவிடுவது. வெயிலில் மண்வேலை செய்யாதவர்களின் முழங்கையில் தினமும் சோப்பு போட்டுக் கழுவும்படியான அழுக்கு ஏதும் சேர்வதில்லை.

சோப்புக்கு முந்தைய காலத்துப் பயத்தம் மாவும் கடலை மாவும் நலங்கு மாவும் காரத் தன்மை அற்றவை என்பதால் இவ்வகையில் மேலானவை. அவை எண்ணெயை உறிஞ்சி எடுக்கின்றன, கரைத்துப் பிரிப்பதில்லை. ஆனால் மாவு எவ்வளவு நைசாக அரைக்கப்பட்டது என்பதும், அதை எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறார்கள் என்பதும் முக்கியம். கொரகொரப்பான மாவும், பீர்க்கங்காய் நாரும், பிளாஸ்டிக் இழைத் தேய்ப்பானும் வறண்ட தோலின் செதில்களை உரித்துக் கொஞ்ச நேரம் பளபளப்பைக் காட்டும். உரிந்த இடம் மறுநாள் முன்னைவிட அதிகமாக எரியும். சிவந்து தடித்த தோலில் எந்தத் தேய்ப்பும் ஆகாது. நலங்கு மாவில் சேரும் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சிலருக்கு ஒவ்வாமல் போவதும் உண்டு.

குளிக்கும் நேரமும் நீரின் சூடும் அடுத்த செய்தி. பனிக்காலக் காலையில் ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றிக்கொள்வது உடம்புக்கு இதமாகத் தோன்றினாலும், சூடு கூடக் கூடத் தோலின் கொழுப்பு எளிதில் கரைந்து வெளியேறுகிறது. அரிப்பும் குளித்து முடித்த அரை மணிக்குள் கிளம்பிவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டியதைப் பூச வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் பூசுக என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்று என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. குளியலறையை விட்டு வெளியே வருவதற்கு முன் என்று கொண்டால் சரியாக இருக்கும். குளித்து, உடுத்து, தலை வாரி, காபி குடித்துவிட்டு வந்து பூசும் எண்ணெய், பூட்டி வைக்க நீரே மிச்சமில்லாத தோலின்மேல் வெறும் மினுமினுப்பாகக் கிடக்கும்.

பூசுபொருள்கள் எத்தனை பெயரில் விற்கப்பட்டாலும் வேலையைக் கொண்டு பார்த்தால் மூன்று இனங்களே. நீர் ஆவியாகாமல் மேலே மூடி நிற்பவை ஓர் இனம். நீரை ஈர்த்துத் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்பவை இன்னோர் இனம். செல்களுக்கு இடையிலுள்ள வெடிப்புகளை நிரப்பி வழவழப்பூட்டுபவை மூன்றாவது இனம். நல்ல களிம்பு ஒன்றில் மூன்றுமே கலந்திருக்கும்.

மூடி நிற்பவற்றில் இன்றளவும் முதலிடம் பெட்ரோலியம் ஜெல்லிக்குத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் கம்பிகளில் மெழுகாகப் படிந்து தொல்லை கொடுத்த கழிவை, தொழிலாளர்கள் வெட்டுக் காயத்திலும் தீக்காயத்திலும் தடவிக்கொள்வதைக் கண்ட வேதியியலார் ராபர்ட் செஸ்பரோ, அதைத் தூய்மைப்படுத்தி 1872இல் காப்புரிமை பெற்றார். வாசலின் என்று உலகமெங்கும் அறியப்படுவது அதுவே. தோலிலிருந்து ஆவியாகும் நீரை அது 98 விழுக்காடு வரை தடுக்கவல்லது என்று அளந்திருக்கிறார்கள். பிற எண்ணெய்களின் தடுப்பு இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. மணமோ நிறமோ இல்லாத இப்பொருள் ஒவ்வாமையை உண்டாக்குவது மிக அரிது என்பதும், விலை மலிவு என்பதும் கூடுதல் நன்மைகள். குறையும் உண்டு. சித்திரை வெயிலில் இதை உடலெங்கும் பூசிக்கொண்டால் வியர்வைத் துளைகள் அடைபட்டு வேர்க்குரு கிளம்பும், துணியெல்லாம் பிசுபிசுக்கும். ஆகவே நம் தட்பவெப்பத்தில் இதை இரவில், கை, கால், உதடு, குதிகால் ஆகிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பகலில் உடம்புக்குப் பாரஃபினும் கிளிசரினும் நீரும் சேர்ந்த மெல்லிய களிம்பைப் பயன்படுத்துவது பொருத்தமானது. இத்தகைய எண்ணெய்ப் பொருள்கள் ஊறிய துணி நெருப்பை எளிதில் பற்றும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. இரவு முழுவதும் களிம்போடு படுத்த சேலையும் நைட்டியும் அப்படியே காலையில் கேஸ் அடுப்பின் அருகே செல்வது நம் வீடுகளில் சாதாரணம் என்பதால், அந்த எச்சரிக்கை இங்கும் மனத்தில் கொள்ளத்தக்கது.

ஈரத்தை ஈர்ப்பவற்றில் கிளிசரின் எளியது. பன்னீரும் கிளிசரினும் சமமாகக் கலந்து உதட்டுக்கும் கைக்கும் பூசுவது பல குடும்பங்களில் பழகிய வைத்தியம். அதில் பொருள் இருக்கிறது. கலக்காத கெட்டிக் கிளிசரினை உலர்ந்த காற்றுள்ள அறையில் தனியே பூசினால், அது தோலின் உள்ளடுக்கிலிருந்தே நீரை இழுக்கும் என்பதால், நீர் கலந்து பூசி அதன்மேல் ஓர் எண்ணெய்ப் பூச்சும் கொடுப்பதே முறை. யூரியா என்றதும் உரமூட்டை நினைவுக்கு வரலாம். தோலுக்குள் இயல்பாகவே இருக்கும் அதே பொருள்தான் களிம்பிலும் சேர்க்கப்படுகிறது. 5 முதல் 10 விழுக்காட்டு யூரியா ஈரத்தைப் பிடித்து வைக்கும்; 20க்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைத்து மெலியச் செய்யும். லாக்டிக் அமிலக் களிம்புகளும் இவ்வகையே. இவ்விரண்டையும் வெடித்த, சொறிந்து புண்ணான தோலில் பூசினால் சுரீரென்று எரியும் என்பதால், முதலில் சில நாள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியால் தோலைத் தேற்றிவிட்டுப் பிறகே இவற்றுக்குப் போக வேண்டும்.

இனி எண்ணெய்கள். எண்ணெய் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் ஆய்வுகளின் முன் நிற்பதில்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் கால் வறட்சி உள்ள 34 பேரிடம் இரண்டு வாரம் நடத்திய ஒப்பீட்டில், உருக்காத தேங்காய் எண்ணெய் மருந்துக்கடைக் கனிம எண்ணெய்க்கு இணையாகவே ஈரத்தைக் காத்தது. அதில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்துக்குத் தோலின் கிருமிகள் சிலவற்றைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் உண்டு. மாறாக, மத்தியதரைக் கடல் நாடுகளின் பெருமைக்குரியதும், இங்கு அதிக விலை கொடுத்துக் குழந்தைகளுக்காக வாங்கப்படுவதுமான ஆலிவ் எண்ணெய், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013இல் வெளியான ஆய்வில் சில வாரங்களிலேயே தோலின் தடுப்புத் திறனைக் குறைத்துச் சிவக்கவும் வைத்தது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அத்தீங்கைச் செய்யவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் செல்களுக்கு இடையிலுள்ள கொழுப்பின் ஒழுங்கைக் குலைப்பதும், சூரியகாந்தியில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலம் செராமைடு உருவாக மூலப்பொருளாவதுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன என்று 2005இல் வெளியான செய்தி, தோல் என்னும் அரண் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் சிறந்த சான்று. வட இந்தியாவில் குழந்தைகளுக்குத் தேய்க்கப்படும் கடுகு எண்ணெயோ, எலிகளில் நடந்த சோதனையில் தோல் அரண் சீராவதைத் தாமதப்படுத்தியது. நம் நல்லெண்ணெயில் லினோலியிக், ஒலியிக் அமிலங்கள் இரண்டும் ஏறக்குறையச் சமமாக உள்ளன. எனவே அதை இடைநிலையில் வைக்கலாம். சுருங்கச் சொன்னால், அடுக்களையில் கிடைக்கும் எண்ணெய்களுள் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயுமே முதலில் கைக்கொள்ளத்தக்கவை.

வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சனியன்று ஆண்களும் வெள்ளியன்று பெண்களும் எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயும் அரப்பும் போட்டுத் தலை முழுகும் வழக்கத்தில் உடல் அசதி தீர்வது போன்ற நன்மைகள் இருக்கலாம். தோல் வறட்சிக்கு மருந்து என்ற அளவில் மட்டும் பார்த்தால், அந்த முறையின் வரிசை தலைகீழாக இருக்கிறது: முதலில் எண்ணெய், பிறகு நீர், அந்த எண்ணெயையும் நீக்கிவிடும் தூள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பசை போக வேண்டும் என்று இரண்டு முறை சோப்பு போடுகிறவர்களின் தோல் அன்று மாலை வழக்கத்தைவிட அதிகம் வறண்டு காணப்படுவதில் வியப்பில்லை. வழக்கத்தைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. குளித்து ஒற்றியெடுத்த ஈரத் தோலில் உள்ளங்கையில் கொள்ளும் அளவு தேங்காய் எண்ணெயை மீண்டும் ஒருமுறை தடவிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

வீட்டு வைத்தியத்தில் பெயர் பெற்ற பிற பொருள்களில் எல்லாம் சம மதிப்புடையவை அல்ல. ஓட்ஸை மிக நைசாகப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து உடலில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்திருப்பது அரிப்பைத் தணிக்கும். 2003இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. சோற்றுக் கற்றாழையின் உள்ளிருக்கும் தெளிந்த சோறு குளிர்ச்சி தரும். ஆனால் மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து கசியும் மஞ்சள் பால் எரிச்சலூட்டக் கூடியது. மடலை வெட்டிய முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து அந்தப் பால் முழுதும் வடிந்த பிறகு, சோற்றை நாலைந்து முறை நீரில் அலசியே பூச வேண்டும். கற்றாழை உலர்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும் என்பதால் அதன்மேலும் எண்ணெய்ப் பூச்சு தேவை. காலமைன் லோஷன் வேர்க்குருவுக்கும் பூச்சிக்கடிக்கும் நல்லதாக இருப்பதால் எல்லா அரிப்புக்கும் அதையே ஊற்றுகிறார்கள். துத்தநாக ஆக்சைடுத் தூள் கலந்த அந்தத் திரவம் உலர்ந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், வறட்சி அரிப்பை அது கூட்டவே செய்யும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பற்பசையும் தோலுக்கானவை அல்ல. எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவும் வழக்கத்தில்தான். பெரியவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி அரிப்பை மறக்கடிக்கும். ஆனால் கற்பூரம் சிறு குழந்தையின் உடலில் புகுந்தால் வலிப்பை உண்டாக்கவல்ல நஞ்சு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தோலில்கூடப் பூசக் கூடாது, வாயில் படும் இடத்தில் வைக்கவும் கூடாது.

கைகளின் வறட்சி தனிக் கதை. பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி சோப்பும் ஒரே நாளில் பல முறை படும் கைகள் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. கிலோக் கணக்கில் பூண்டு உரிப்பவர்களின் இடக்கைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் வெடித்துத் தோல் உரிவதைக் காணலாம். பூண்டைப் பிடித்திருக்கும் கை அதுதான், பூண்டிலுள்ள கந்தகச் சேர்மமே அதற்குக் காரணம். வெங்காயமும் தக்காளியும் அறுபட்ட இடத்தை மேலும் எரிக்கும். உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் அணிந்து பாத்திரம் கழுவுவதும், ஒவ்வொரு முறை கை கழுவியதும் அடுப்பங்கரை மேடையிலேயே வைத்திருக்கும் களிம்பை ஒரு துளி தடவுவதும் எந்த விலையுயர்ந்த களிம்பைவிடவும் அதிகம் பயன் தரும். சிமெண்ட் வேலை செய்பவர்களின் கைகளில் வரும் தடிப்புக்கு அதிலுள்ள குரோமிய உப்பும், தலைச்சாயம் பூசியபின் நெற்றி ஓரத்தில் வரும் கொப்புளத்துக்குச் சாயமும், கவரிங் நகை பட்ட கழுத்தின் கருமைக்கு நிக்கலும் காரணமாக இருக்கலாம். இவற்றில் காரணத்தை விலக்காமல் எதைப் பூசினாலும் குணமாகாது.

குதிகாலில் விழும் பித்தவெடிப்புக்குப் பித்தம் காரணமன்று. தடித்துக் காய்ந்த தோல், உடலின் எடை அழுத்தும்போது நீள முடியாமல் பிளக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, தடித்த பகுதியை மட்டும் மெல்லத் தேய்த்து, 20 விழுக்காட்டு யூரியாக் களிம்பைப் பூசி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் பருத்திக் காலுறை அணிந்து படுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அழகுப் பிரச்சினை அன்று. நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் வியர்வை நின்று தோல் வறள்கிறது, வலியும் தெரிவதில்லை. அந்த வெடிப்பு கிருமிகள் நுழையும் வாசலாகி, ஆறாத புண்ணில் முடியக்கூடும். அவர்கள் பிளேடாலோ உரைகல்லாலோ குதிகாலைச் சீவக் கூடாது. நீண்ட நேரம் நீரில் ஊற வைப்பதும், கால்விரல் இடுக்குகளில் களிம்பு பூசுவதும் ஆகாது.

களிம்பு வாங்குவதில் நடக்கும் பெரும்பிழை அளவிலும் இருக்கிறது, இனத்திலும் இருக்கிறது. சுட்டுவிரலின் கடைசிக் கணு முழுதும் நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும் என்பது தோல் மருத்துவத்தில் 1991 முதல் வழங்கிவரும் அளவுமுறை. அந்தக் கணக்குப்படி வளர்ந்த ஒருவரின் உடல் முழுதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 20 கிராம் வேண்டும். 30 கிராம் குழாயில் அடைத்து அலங்காரமான பெட்டியில் வரும் களிம்பு இரண்டு முறைக்குக்கூட வராது. அதனால் மக்கள் அதைச் சிக்கனமாகத் தொட்டுத் தொட்டுப் பூசிப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய டப்பாவில் வரும் மலிவான பாரஃபின் களிம்பைத் தாராளமாக, நாளுக்கு இரண்டு முறை பூசுவதே மேல். மணம் சேர்த்தவற்றையும், 'மூலிகை' என்ற சொல்லை நம்பிப் பத்து இலைகளின் சாறு கலந்தவற்றையும் எரியும் தோலில் பூசுவதைத் தவிர்ப்பது நல்லது. மணப்பொருள்களே ஒவ்வாமைக்கு முன்னணிக் காரணங்களுள் ஒன்று.

இனத்தில் நேரும் பிழை அதைவிட ஆபத்தானது. மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்' என்று கேட்பவர் கைக்கு வருவது, பல வேளைகளில் வலுவான ஸ்டீராய்டும் பூஞ்சைக் கொல்லியும் நுண்ணுயிர்க் கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் அரிப்பையும் இரண்டு நாளில் அடக்கிவிடும் என்பதால் அதன்மேல் நம்பிக்கை பிறந்து, வீட்டில் எல்லாருக்கும் எல்லா அரிப்புக்கும் அது பொது மருந்தாகிவிடுகிறது. தொடர்ந்து பூசப்பூசத் தோல் மெலிந்து, சிவந்த நுண் இரத்தக் குழாய்கள் தெரிந்து, முகத்தில் பருக்களும் மயிரும் கிளம்பி, நிறுத்தினால் முன்னைவிட அதிகம் எரிகிறது. படர்தாமரையில் பூசினாலோ அரிப்பு அடங்கியதாகத் தோன்றி, பூஞ்சை மட்டும் அடையாளம் மாறிப் பரவுகிறது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தினர் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பேரில், 2018இல் மைய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்த பின்னும் கடை மேசையில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதே நடைமுறை. ஸ்டீராய்டு தீய மருந்தன்று. கரப்பான் தீவிரமாகும்போது மருத்துவர் குறிக்கும் வலுவில், குறிக்கும் நாள்களுக்கு மட்டும் பூசினால் அதற்கு ஈடான மருந்து குறைவு. அரிப்புக்காகப் பலரும் தாமாகவே விழுங்கும் சிட்ரிசின் மாத்திரையும் இத்தகையதே: தடிப்புத் தடிப்பாக எழும் காணாக்கடிக்கு உரிய அம்மருந்து, வறட்சியால் வரும் அரிப்புக்குப் பெரிதாக உதவாது.

எல்லா அரிப்பும் வறட்சியால் வருவதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரவில் படுத்ததும் தாங்க முடியாமல் அரித்து, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்கள் தோன்றி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே இருந்தால் அது சொறி சிரங்கு. நுண்ணிய பூச்சி ஒன்று தோலுக்குள் குடைவதால் வருவது. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும். வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து காணப்படுவது படர்தாமரை. முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதிலோடு தடித்துத் தோன்றும் காளாஞ்சகப்படைக்கு, வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து ஊதா நிறம் ஏறும்வரை காய்ச்சும் தைலம் சித்த மருத்துவத்தில் வழங்குகிறது. அதையும் நோய் இன்னதென்று மருத்துவர் உறுதி செய்த பிறகே கைக்கொள்வது முறை. தோலில் ஒன்றுமே தெரியாமல் உடலெங்கும் வாரக்கணக்கில் அரிப்பு நீடித்தால் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரும்புச்சத்து, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். நீர் வடிதல், சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும், இரண்டு வாரம் முறையாகப் பூசியும் மாற்றம் தெரியாவிட்டாலும் வீட்டு வைத்தியத்தை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை மருந்துக்கடைக்குச் செல்பவர்கள் 'அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்க வேண்டாம். மணம் சேர்க்காத, பாரஃபினும் கிளிசரினும் கலந்த ஈரக்காப்புக் களிம்பு என்று சொல்லிக் கேட்டு, அதன் உறையில் 'ஆர்எக்ஸ்' என்னும் குறியோ மருத்துவர் சீட்டு தேவை என்னும் சிவப்புக் கட்டமோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.